விளையாட்டில் ஓடும் கார், மலைவீதியில் இறங்கும் பஸ்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம், பெண்களுக்கு இரும்புச்சத்து என்று ஏதாவது வரும் என எதிர்பார்ப்பது நியாயம்தான். அவற்றை நாளைய மருத்துவ முகாமில் பேசிக்கொள்வோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயம் கார்ப் பந்தய வீடியோ கேம். சிரிக்கலாம், தடையில்லை. ஆனால் இங்கே இருக்கும் தாய்மார் தங்கள் கைபேசியை எடுத்துப் பார்த்தால், அதில் எங்கோ ஒரு கார் நின்றுகொண்டிருக்கும். அது நாம் ஏற்றிய கார் அல்ல, பிள்ளை ஏற்றியது.

2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இயன்றவர்கள் கடன்பட்டாவது ஒரு ஸ்மார்ட் போன் வாங்கினோம். சிக்னல் தேடிப் பிள்ளைகள் தேயிலை மலையிலும் கற்பாறையிலும் ஏறி உட்கார்ந்து படித்தார்கள். ஒன்லைன் வகுப்பு போய்விட்டது. போன் வீட்டில் தங்கிவிட்டது, அதனோடு கேமும் தங்கிவிட்டது. அதன் பிறகு தாய்மார் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டொக்டர், இந்தக் கார் கேம் ஆடினால் பிள்ளை கெட்டுப்போவானா?" எந்தக் கேம் என்று திருப்பிக் கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. எல்லாம் ஒன்றுதானே என்கிறார்கள். எல்லாம் ஒன்றல்ல. கார்ப் பந்தய விளையாட்டில் இரண்டு சாதி உண்டு. ஒன்றுக்கு ஆர்கேட் என்று பெயர், மற்றதற்குச் சிமுலேஷன் என்று பெயர். ஊவாவின் மலைவீதிகளில் வாழும் நமக்கு இந்த வேறுபாடு உலகத்தில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரிந்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

முதலாவதை நம் வயதுக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தொண்ணூறுகளில் தொலைக்காட்சியில் பொருத்தி ஆடும் 'ரீவீ கேம்' பெட்டி ஒன்று இருந்தது. மஞ்சள் கெசட் செருகினால் மேலிருந்து பார்க்கும் ஒரு வீதியும், கீழே ஒரு சிவப்புக் காரும் வரும். கொனாமி நிறுவனம் 1984 இல் செய்த ரோட் ஃபைட்டர் அது. தம்பிமார் ஆடுவார்கள், நாம் பின்னால் நின்று முறை கேட்போம், முறை கிடைப்பதற்குள் மின்சாரம் போய்விடும். அந்தக் கார் மணிக்கு 400 கிலோமீற்றர் ஓடும். லொறியில் மோதினால் வெடிக்கும். வெடித்த அடுத்த விநாடி அதே கார் அதே வீதியில் புத்தம் புதிதாக வந்து நிற்கும். மோதலுக்குத் தண்டனை கொஞ்சம் எரிபொருள் குறைவதுதான்.

ஆர்கேட் என்ற பெயர் கடைத்தொகுதியில் காசு போட்டு ஆடும் இயந்திரங்களிலிருந்து வந்தது. 1982 இல் நம்கோ வெளியிட்ட போல் பொசிஷன், 1986 இல் சேகா நிறுவனத்துக்காக யூ சுசுக்கி செய்த அவுட் ரன் எல்லாம் அந்த வம்சம். இவற்றின் குணத்தைப் புரிந்துகொள்ளக் காசுப்பெட்டியை நினைத்தால் போதும். நாணயம் போட்டவன் முதல் வளைவிலேயே பள்ளத்தில் விழுந்தால் அடுத்த நாணயம் போடமாட்டான். ஆகவே அவனை விழவிடக் கூடாது, வீரனாக உணரவைக்க வேண்டும், நேரம் மட்டும் முடிய வேண்டும். முழு வேகத்தில் வளைவுக்குள் போனால் கார் பக்கவாட்டில் அழகாக வழுக்கித் திரும்பும். சுவரில் உரசினால் தீப்பொறி பறக்கும், வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். இன்று பிள்ளைகளின் போனில் இருக்கும் அஸ்பால்ட், கணினியில் இருக்கும் நீட் ஃபோர் ஸ்பீட் ஆகியவற்றின் பெரும்பகுதி அதே வீட்டுப் பிள்ளைகள்தான். காசுப்பெட்டி போய்விட்டது, மன்னிக்கும் குணம் அப்படியே இருக்கிறது.

இதில் நாம் குறை காணவில்லை. கரம் போட் ஆடும்போது உலகம் அப்படித்தான் இருக்கிறது என்று யாரும் நம்புவதில்லை. பிரச்சினை எங்கே வருகிறதென்றால், காரம் போட் நம்மை எங்கும் ஏற்றிச் செல்வதில்லை, கார் ஏற்றிச் செல்கிறது.

இரண்டாம் சாதிக்கு வருவோம். சிமுலேஷன் என்றால் உள்ளது எப்படி நடக்குமோ அப்படியே கணக்கிட்டு நடத்திக் காட்டுவது. 1989 இல் அமெரிக்காவின் பப்பைரஸ் நிறுவனம் இண்டியனாபொலிஸ் பந்தயத்தைக் கணினியில் அப்படிச் செய்தது. 1997 இல் ஜப்பானில் கசுனோரி யமாவுச்சியின் குழு பிளேஸ்டேஷனுக்கு கிரான் டூரிஸ்மோவைச் செய்து, சாதாரண வீட்டு வரவேற்பறைக்கு இந்தச் சாதியைக் கொண்டுவந்தது. பின்னர் 2008 இல் ஐரேசிங், 2014 இல் இத்தாலிக்காரரின் அசெட்டோ கோர்சா என்று வளர்ந்திருக்கிறது. ஐரேசிங்கில் உண்மையான பந்தயத் தடங்களை லேசர் கொண்டு அளந்து, தார் மேட்டின் சிறு ஏற்றத் தாழ்வுகளையும் பதிந்திருக்கிறார்கள்.

முதன்முதலாக ஒரு நல்ல சிமுலேஷனில் உட்காருபவருக்குக் கோபம்தான் வரும். கார் திரும்பாது. அழுத்திப் பிரேக் பிடித்தால் நேரே போகும். வளைவின் நடுவில் பயந்து அக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சுழலும். ஏன் இப்படி? அந்தக் கேமின் உள்ளே நான்கு டயர்களுக்கும் தனித்தனியாகக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு டயர் வீதியைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கைகளில் ஒரு கார் நிற்கிறது. பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் சாய்கிறது, முன் உள்ளங்கைகள் இறுகுகின்றன, பின்னவை இலேசாகின்றன. திரும்பினால் வெளிப்பக்கத்துக்குச் சாய்கிறது. டயருக்கு இருக்கும் பிடி ஒரு மாதச் சம்பளம் போல. அதைப் பிரேக்குக்கு முழுவதும் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு எதுவும் மிஞ்சாது. ஆர்கேட் கேமில் இந்தச் சம்பளத்துக்கு எல்லையே இல்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வசனத்தில் சொல்லச் சொன்னால் நாம் இதைத்தான் சொல்வோம். படத்தின் அழகையும் காரின் பெயரையும் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

இனி நம்முடைய வீதிக்குப் போவோம். எல்லவிலிருந்து வெல்லவாய வரை இறங்கும் ஏ 23 வீதியை நாம் எல்லோரும் அறிவோம். விடுமுறைக்கு வந்து மொனராகலை திரும்பியவர்கள் இராவணன் நீர்வீழ்ச்சியில் பஸ் நிற்குமா என்று எட்டிப் பார்த்த வீதி அது. அதில் ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்வோம். ஆரை 20 மீற்றர் என்று வைப்போம். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் கணக்கைச் சரிபார்க்கலாம். காய்ந்த நல்ல தாரில், உராய்வுக் குணகம் 0.7 என்றால், ஏறக்குறைய 42 கிலோமீற்றர் வேகம் வரைதான் டயர் பிடிக்கும். மழை பெய்து 0.4 ஆகக் குறைந்தால் 32. போனில் ஆடும் ஆர்கேட் கேமில் இதே மாதிரி வளைவைப் பையன் 150 இல் திரும்புகிறான், பெருவிரலால், தேநீர் குடித்துக்கொண்டே.

ஆனால் வளைவைவிடப் பெரிய விடயம் இறக்கம். எல்ல கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. சுமார் 27 கிலோமீற்றரில் வெல்லவாய வந்து சேரும்போது நாம் 800 மீற்றருக்கு மேல் இறங்கிவிடுகிறோம். ஆட்களோடு சேர்த்துப் பத்துத் தொன் நிறையுள்ள ஒரு பஸ் 800 மீற்றர் இறங்கும்போது விடுபடும் சக்தி எங்கே போகிறது? வேகம் கூடாமல் இருக்க வேண்டுமானால், பெரும்பகுதி எங்காவது வெப்பமாக மாறித்தான் ஆக வேண்டும். கணக்கிட்டால் ஏறத்தாழ 78 மெகாஜூல். சமையலறைக் கணக்கில் சொன்னால், சுமார் 250 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. பொங்கலுக்குத் தோட்டத்துக் கோவிலில் வைக்கும் அண்டாக்களை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு சூட்டையும் நான்கு சக்கரங்களின் பிரேக் உருளைகளே வாங்க வேண்டும் என்றால் அவை என்னவாகும்? சூடேறிய உருளை விரிவடையும், பிரேக் கட்டை அதைப் போய்ச் சேர இன்னும் தூரம் நகர வேண்டும், கட்டையின் பிடியும் குறையும். கார், முச்சக்கரவண்டிகளில் பிரேக் எண்ணெயே கொதித்து, மிதி பஞ்சுபோல உள்ளே போகும். காற்றுப் பிரேக் உள்ள பஸ்ஸில் சாரதி பதறிப்போய் விட்டு விட்டு மிதித்தால் சேமித்த காற்றும் குறையும்.

அதனால்தான் பழைய சாரதிகள் மலை உச்சியிலேயே கியரைக் குறைத்துவிடுவார்கள். எஞ்சின் உறுமிக்கொண்டு பிடித்து இறக்கும். அந்தச் சத்தம் கேட்டால் நமக்குத் தலைவலி, ஆனால் சத்தம் போடுகிற பஸ்தான் பத்திரமான பஸ். அமைதியாக வழுக்கிக்கொண்டு இறங்கும் பஸ்ஸில் இருக்கும்போதுதான் நாம் பயப்பட வேண்டும்.

ஆர்கேட் கேமில் பிரேக் ஒருபோதும் சூடாவதில்லை. அங்கே பிரேக் என்பது ஒரு பொத்தான், பொத்தானுக்கு வெப்பம் கிடையாது. சிமுலேஷனிலும் எல்லாவற்றிலும் இது இல்லை. ஆனால் செக் நாட்டு நிறுவனம் ஒன்று 2012 இல் வெளியிட்ட யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லொறி விளையாட்டில் எஞ்சின் பிரேக் உண்டு, ரிடார்டர் உண்டு, காற்றுப் பிரேக்கை உண்மைபோல இயங்க வைக்கும் தெரிவும் உண்டு. விட்டு விட்டு மிதித்தால் காற்றழுத்தம் குறைவது முள்ளில் தெரியும். பந்தயமே இல்லாத, பார்ப்பவருக்குக் கொட்டாவி வரும் விளையாட்டு அது. நம் வீதிக்கு மிகக் கிட்டிய விளையாட்டும் அதுதான் என்று துணிந்து சொல்லலாம்.

இங்கே பெயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017 இல் வெளியிட்ட பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா நம் பையன்கள் மத்தியில் பெரும் பிரபலம். அதில் நம் நாட்டு லேலண்ட் பஸ்ஸின் உருவத்தை ஏற்றி, தங்கள் ஊர்ப் பஸ்ஸின் பெயர், நிறம், முன்கண்ணாடி வாசகம் எல்லாம் எழுதி ஓட்டுகிறார்கள். அந்தக் கலைத்திறமையைப் பார்த்தால் நமக்குச் சந்தோஷம்தான். ஹோர்ன் சத்தத்துக்கே தனி ரசிகர் கூட்டம் உண்டு. ஆனால் பெயரில் சிமுலேட்டர் இருப்பதால் அது இரண்டாம் சாதி ஆகிவிடாது. பஸ்ஸின் வெளித்தோற்றம்தான் அதில் உண்மை, பாரம் உண்மையல்ல.

பாரம் என்ன செய்யும் என்று நமக்குச் சொல்ல வீதிகளே இருக்கின்றன. 2021 மார்ச் 20 ஆம் திகதி, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13 ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. குறைந்தது 14 உயிர்கள். வீதியில் சரிந்து கிடந்த பாறை ஒரு பக்கம், எதிரே டிப்பர், விளிம்புப் பக்கம் மிஞ்சிய சில அடி. 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு, சுற்றுலா வந்து திரும்பிய தங்காலை நகரசபை ஊழியர்களின் பஸ் அதே எல்ல - வெல்லவாய வீதியில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். இந்த விபத்துகளுக்கு யார் காரணம் என்று பேச நாம் வரவில்லை. அதற்கு விசாரணைகள் உண்டு. கேமை வைத்து ஒன்றை மட்டும் சொல்லலாம். ஆர்கேட் கேமில் வீதியின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் இருக்கும். எவ்வளவு வேகமாக மோதினாலும் அது வாகனத்தை மெதுவாக வீதிக்குள் தள்ளிவிடும். பத்து வயதிலிருந்து நாளுக்கு இரண்டு மணித்தியாலம் அந்தச் சுவரோடு பழகிய பையன், பதினாறு வயதில் அண்ணனின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பசறை வீதிக்குப் போகிறான். அவன் மூளை சுவர் இல்லை என்று அறியும். கை அறியுமா என்பதுதான் கேள்வி.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். ஜெர்மனிய உளவியலாளர்கள் 2007 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பந்தயக் கேம் ஆடிய இளைஞர்கள் ஆடி முடித்த கையோடு கணினியில் காட்டிய வீதிச் சூழல்களில் அதிகம் துணிந்து ஆபத்தை ஏற்றார்கள். அதே ஆண்டில் நியூயோர்க்கில் 33 சத்திரசிகிச்சை வைத்தியர்களைப் பார்த்தார்கள். முன்பு வாரத்துக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வீடியோ கேம் ஆடியவர்கள், குழாய்க் கமரா மூலம் செய்யும் சத்திரசிகிச்சைப் பயிற்சியில் 37 வீதம் குறைவாகப் பிழை விட்டார்கள், 27 வீதம் வேகமாகச் செய்தார்கள். முதல் ஆய்வைக் காட்டிப் பிள்ளையின் போனைப் பறிக்கவும் வேண்டாம், இரண்டாவதைக் காட்டி அவன் சத்திரசிகிச்சை நிபுணர் ஆவான் என்று கனவு காணவும் வேண்டாம். முதலாவது ஆடி முடித்த சில நிமிடத்து மனநிலை, இரண்டாவது 33 பேர். கை திரும்பத் திரும்பச் செய்வதைக் கற்றுக்கொள்கிறது என்ற அளவுக்கு இரண்டையும் நம்பலாம்.

கை கற்றுக்கொள்ளும் என்பதை நம்பித்தான் வைத்தியத் துறையே சிமுலேஷனுக்குள் வந்தது. நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் பயிற்சிக்கு உலகமெங்கும் ஒரு பொம்மை வைத்திருக்கிறார்கள் அல்லவா? அதை 1960 இல் செய்தவர் நோர்வேயின் ஒஸ்முண்ட் லேர்டால். அவர் வைத்தியர் அல்ல, விளையாட்டுப் பொம்மை செய்பவர். விமானிகளின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவில் ஆர்கன் வாத்தியம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் வைத்து 1929 இல் தரையிலேயே ஆடி அசையும் ஒரு சிறு விமானம் செய்தார். விமானப் பள்ளிகள் பெரிதாக மதிக்கவில்லை. வாங்கியவர்களில் கேளிக்கைப் பூங்காக்காரர்களே அதிகம். காசு போட்டு ஆடினார்கள். 1934 இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் கொண்டுசெல்லப் பணிக்கப்பட்டு, பனியிலும் இருளிலும் பலர் இறந்த பிறகுதான், இராணுவம் அந்தக் கேளிக்கைப் பெட்டியில் ஆறு வாங்கியது. அதே பெட்டி. முன்பு ஆர்கேட், பிறகு சிமுலேஷன். எத்தனை பேர் இறந்த பிறகு பெயர் மாறியது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கார் விளையாட்டும் அந்தப் பாதையில் போயிருக்கிறது. 2008 இல் நிசான் நிறுவனமும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து ஜி.ரி. அகடமி என்று ஒன்று தொடங்கின. கிரான் டூரிஸ்மோ ஆடுபவர்களில் வேகமானவர்களைத் தேர்ந்து உண்மைப் பந்தயக் காரில் ஏற்றுவது. முதலில் வென்ற ஸ்பெயின்காரர் லூகாஸ் ஓர்டோனியஸ், 2011 இல் லெ மான் 24 மணித்தியாலப் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாவதாக வந்த அணியில் ஓட்டினார். 2011 இல் வென்ற பிரித்தானிய இளைஞர் ஜான் மார்டன்பரோவின் கதை 2023 இல் படமாகவே வந்துவிட்டது. வரவேற்பறையில் கற்ற கை, தடத்தில் வேலை செய்தது. ஆர்கேட் கேமில் வென்றவர்களை வைத்து இதைச் செய்ய யாரும் துணியவில்லை.

ஆனால் மார்டன்பரோவின் வாழ்க்கையில் இன்னொரு நாள் உண்டு. 2015 மார்ச் 28 ஆம் திகதி, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் ஒரு மேட்டில் அவர் காரின் முன்பக்கம் காற்றில் எழும்பி, கார் வேலியைத் தாண்டிப் பறந்தது. அவர் பிழைத்தார். பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இறந்தார். அந்தத் தடத்தைச் சிமுலேஷன்கள் அங்குலம் அங்குலமாக வடித்திருக்கின்றன. வேலிக்கு அப்பால் நிற்கும் மனிதர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவர்கள் அங்கே வெட்டி ஒட்டிய படங்கள். கிரான் டூரிஸ்மோவிலேயே 2010 வரை, மோதினால் காரில் ஒரு நெளிவுகூட விழுந்ததில்லை. டயரின் சூட்டைக் கணக்கிட்டவர்கள் மனித உடம்பைக் கணக்கிடவில்லை. இந்த ஒரு விடயத்தில் சிமுலேஷனும் ஆர்கேட்தான்.

நமக்கு இதைச் சொல்ல ஜெர்மனி வரை போகத் தேவையில்லை. தியத்தலாவ பொக்ஸ் ஹில் பந்தயம் சித்திரை விடுமுறையில் ஊவா முழுவதும் பார்க்கப் போகும் திருவிழா. தோட்டத்திலிருந்து லொறி பிடித்துக் குடும்பமாகப் போவார்கள். சாப்பாட்டுப் பொதியும் குடையும் பாயும் கொண்டுபோவார்கள். 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி, தடம் விட்டு விலகிய கார் ஒன்று ஆட்களுக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. இருபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அன்று மாலையே அந்தக் காணொளி எல்லோர் போனிலும் ஓடியது. அதே போனில், அதே திரையில், அடுத்த விரல் தட்டலில் ஆர்கேட் கேம்.

எங்கள் விபத்துப் பிரிவுகளில் நாங்கள் பார்ப்பது திரை காட்டாத இந்தப் பக்கத்தைத்தான். மூளை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான மென்மையான பொருள். மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கிறது. நாற்பது கிலோமீற்றரில் வந்த தலை தரையில் பட்டு நிற்கும்போது மூளை நிற்காது, அது தன் பயணத்தைத் தொடரும், எலும்பில் போய் மோதும். பந்தயக்காரர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமார் துபாயில் பயிற்சி ஓட்டத்தில் சுவரில் மோதிச் சுழன்றதை நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்! அவர் காயமின்றி இறங்கி நடந்தார். அவருடைய அணி அந்தப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாகவும் வந்தது. நம் பையன்கள் பார்த்தது இறங்கி நடந்ததை. அவர் உடம்பைச் சுற்றியிருந்த இரும்புக் கூண்டு, பல புள்ளிகளில் கட்டிய பட்டி, தலைக்கவசத்தைத் தோளோடு பிணைக்கும் தாங்கி ஆகியவற்றைப் பார்க்கவில்லை. அவற்றில் ஒன்றுகூட நம் முச்சக்கரவண்டியில் இல்லை. மோட்டார் சைக்கிளில் ஹெல்மட் ஒன்று உண்டு. அதுவும் பொலிஸ்காரர் நிற்கும் சந்தி வரை முழங்கையில் தொங்கும்.

ஆகவே கேமைத் தடைசெய்யுங்கள் என்று சொல்லப் போகிறோமா? இல்லை. நம் வீட்டிலும் கேம் இருக்கிறது. இனிஷியல் டி என்ற ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்று உண்டு. அதை வைத்துச் சேகா 2002 இல் ஆர்கேட் கேமும் செய்தது. மலைவீதியில் இறங்கும் பந்தயம்தான் அதன் உயிர். அந்தக் கேம் முழுக்க முழுக்க முதல் சாதி. ஆனால் மூலக்கதையில் வரும் பையன் வேகத்தை எப்படிக் கற்றான் தெரியுமா? அப்பாவின் கடையிலிருந்து விடியற்காலையில் சோயா தோஃபு கொண்டுபோகிறவன் அவன். அப்பா காரில் ஒரு கோப்பை தண்ணீர் வைத்துவிடுவார், ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. சிந்தாமல் ஓட்டப் பழகினால் பாரம் எப்படி முன்னும் பின்னும் சாய்கிறது என்பது தானாகக் கைக்கு வந்துவிடும். சிமுலேஷன்காரர் கணினியில் எழுதும் சூத்திரம் அந்தக் கோப்பைக்குள் இருக்கிறது. நம் ஊரில் இதற்குக் கேம்கூட வேண்டாம். சாரதி பழகும் பிள்ளையின் பக்கத்தில் ஒரு கோப்பை தண்ணீருடன் உட்காரும் தகப்பனோ மாமாவோ போதும். சேலை கட்டிய அத்தை உட்கார்ந்தால் இன்னும் கவனமாக ஓட்டுவான்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். இது ஆண் பிள்ளைகளின் விடயம் என்று இந்த மண்டபத்தில் யாராவது நினைத்தால், பிரான்சின் மிஷெல் மூட்டோனை அறிந்துகொள்ளட்டும். அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைப்பந்தயம் 4,302 மீற்றர் உச்சிக்கு, சுமார் 20 கிலோமீற்றர், 156 வளைவுகள். 1985 இல் அது பெரும்பாலும் கிரவல் வீதி. அவர் 11 நிமிடம் 25 விநாடியில் ஏறி, ஆண்கள் எல்லோரையும் வென்று சாதனை வைத்தார். சென்னையில் அலிஷா அப்துல்லா மோட்டார் சைக்கிளிலும் காரிலும் பந்தயம் ஓட்டிப் பெயர் பெற்றார். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த மலைப்பந்தயம் ஏறுவதற்குத்தான், இறங்குவதற்கு அல்ல. இறங்கும் வேலையை நம் பஸ் சாரதிகள் தினமும் செய்கிறார்கள், கைதட்டல் இல்லாமல்.

இனி நடைமுறைக்கு வருவோம், நேரமும் முடிகிறது. இங்கும், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் அக்காமார், பிள்ளை எந்தச் சாதிக் கேம் ஆடுகிறான் என்று கண்டுபிடிக்க ஒரு சிறு சோதனை செய்யலாம். பக்கத்தில் உட்கார்ந்து, "பிரேக்கே பிடிக்காமல் இந்த வளைவைத் திரும்பிக் காட்டு" என்று கேளுங்கள். திரும்பிக் காட்டினால் அது ஆர்கேட். ஆடட்டும், அரை மணித்தியாலம். ஆனால் முடித்த உடனே மோட்டார் சைக்கிள் திறப்பைக் கையில் கொடுக்காதீர்கள். "அம்மா, அது முடியாது" என்று சொன்னால் அது சிமுலேஷன். ஏன் முடியாது என்று கேளுங்கள். அவன் சொல்லும் விளக்கம் நம் பௌதிகவியல் ஆசிரியை சொன்னதைவிட நன்றாக இருக்கலாம். (ஆசிரியை மன்னிக்க வேண்டும்.)

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகப் பாடசாலைக்கு எதைக் கொடுப்பது என்று பல யோசனைகள் வந்திருக்கின்றன. வளைவு நுழைவாயில் அழகுதான். அதோடு உயிர்ப்பித்தல் பழகும் பொம்மை ஒன்றும், ஸ்டியரிங் சக்கரம் பொருத்திய கணினி ஒன்றும் விஞ்ஞான கூடத்தில் வைக்கலாம். உயர்தர மாணவிகள் உராய்வையும் மையநாட்ட விசையையும் அதில் கையால் படிக்கட்டும், சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கும் வயது அவர்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது. பொம்மையில் பழகியவர்கள், அம்புலன்ஸ் வரும்வரை வீதியோரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அறிந்திருப்பார்கள். நம் வீதிகளில் அந்த இடைவெளி நீண்டது.

சக்கரம் வாங்கும்போது ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். விலை குறைந்தவற்றில் இரண்டு மிதிகள்தான் இருக்கும், அக்சிலரேட்டரும் பிரேக்கும். மூன்றாவது மிதியும் தனிக் கியர் கம்பும் உள்ளதையே கேளுங்கள். கிளச் மிதித்து, மலை உச்சியிலேயே இரண்டாம் கியருக்குப் போட்டு, எஞ்சின் உறும இறக்கும் பழக்கம் இரண்டு மிதிச் சக்கரத்தில் வராது.